தபாலில் படித்த பி.யூ.சி.

"உனக்குப் பாடம் நடத்தின ஆசிரியர் ஒருத்தர் பேரையாவது சொல்லும்மா" என்றார் பிரின்சிபால் அம்மா. எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

1977 ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரி. பி.ஏ. பொருளாதாரத்துக்கு நேர்முகம். ஆரணியில் முதல் பஸ் பிடித்து, கண்ணமங்கலத்தில் ஏறிய கூட்டத்தில் நசுங்கி, மடிப்புக் கலையாமல் கட்டிவந்த தாவணி சப்பாத்தி மாவு மாதிரி ஆகி, அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். மார்க் பட்டியலில் என் பெயர் பதினொன்றாவது. எனக்கு முன்னால் போன பத்துப் பேரும் ஐந்தைந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் எல்லோரிடமும் டி.சி. இருந்தது. என்னிடம் இல்லை.

என்னிடம் இருந்த காகிதங்களைக் கிளார்க் இராஜமாணிக்கம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எட்டாம் வகுப்பு வரை படித்ததற்குப் பள்ளிக்கூடச் சான்று ஒன்று. பிரைவேட்டாக எழுதிப் பாஸ் செய்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்று. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகவே படித்து முடித்த, பி.ஏ.வுக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பான பி.யூ.சி.யின் மார்க் பட்டியல். அந்த பி.யூ.சி.யும் காலேஜில் உட்கார்ந்து படித்த பி.யூ.சி.யும் ஒன்றுதான், இவளை நேரே பி.ஏ. முதல் வருஷத்தில் சேர்க்கலாம் என்று சொல்லும் கடிதம் ஒன்று. அந்தக் கடிதத்துக்காக மட்டும் நான் மூன்று மனு எழுதியிருந்தேன்.

பிரின்சிபால் அம்மா நல்ல மனுஷிதான். இப்போது சொல்கிறேன், அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. தபால் பி.யூ.சி.யை ஏற்றுக்கொள்வதில் சிக்கல் ஒன்றும் இல்லை, மார்க்கும் நன்றாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு உறுத்தியது நடுவில் கிடந்த ஆறு வருஷம். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் பத்தொன்பது வயதில் காலேஜ் வாசலில் வந்து நிற்கிறாள், இடையில் எந்த வாத்தியாரும் அவளைக் கண்ணால் கண்டதில்லை. வேறெங்கோ தபாலில் படித்த ஒருத்திக்காக வேறு யாரோ பரீட்சை எழுதிய கதையை அவர் கேள்விப்பட்டிருந்தார். தவிர, நான் ஹாஸ்டலுக்கும் விண்ணப்பித்திருந்தேன். நூறு பெண்கள் இருக்கும் இடத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் எப்படி ஒருத்தியைச் சேர்ப்பது என்று கேட்டார்.

இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்றார். நெய்தேன் என்றேன். எங்கே என்றார். வீட்டில் என்றேன். அதற்கு என்ன அத்தாட்சி என்றார். பட்டுச்சேலையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரிக்கவா முடியும்?

கடைசியில் ஒரு வழி சொன்னார். உறவுக்காரர் அல்லாத, ஒரு பொறுப்பில் இருக்கிற ஆள், என்னை இரண்டு வருஷமாவது தெரிந்தவர், நான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன், எப்படி நடந்துகொண்டேன் என்று எழுதி முத்திரை வைத்துத் தரவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குள். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இதுதானே என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடி முட்டாளே என்று இன்றைக்கும் அந்தப் பத்தொன்பது வயதுக் கற்பகத்தைப் பார்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அவ்வளவு சந்தோஷமாக வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை பெரிதில்லை. எட்டாவது முடித்த கோடையில் வயதுக்கு வந்தேன், ஒன்பதாவதுக்கு அனுப்பவில்லை. எங்கள் தெருவில் அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். நான்காம் நாள் கத்திரிக்காய்க் குழம்பு வாசனை வந்தது, சாப்பிட்டுவிட்டேன். இரண்டு வீடு தள்ளி லீலா இருந்தாள். அவள் மட்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் அவளுடைய புத்தகங்கள் என்னிடம் வந்துவிடும். அட்டை இருக்காது, ஓரமெல்லாம் மீசை வைத்த ராஜாக்கள் இருப்பார்கள், இருந்தாலும் பாடம் இருந்தது. அதை வைத்துத்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். இங்கிலீஷில் நாற்பத்தொன்று. லீலா முப்பத்தெட்டு. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

தபால் பி.யூ.சி. பற்றிய விளம்பரத்தை லீலாதான் பத்திரிகையில் பார்த்துக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வாசலைத் தாண்டாத படிப்பு என்று தெருவில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டார். பழுப்பு உறையில் கட்டுக் கட்டாகப் பாடம் வரும். ஒரு நாளைக்கு ஒரு தாளைப் பிரித்து, தறிக்கு எதிர்ச் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பேன். சேலையின் வெறும் உடல் ஓடும்போது படிக்கலாம். புட்டா, அதாவது பூவேலை, வந்தால் படிப்பு நிற்கும். முந்தானை வந்தால் இரண்டு நாளைக்குப் பாடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பாடத்தோடு கேள்விகளும் வரும். பதில் எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். யார் திருத்தினார் என்று தெரியாது. அடியில் கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும். ஒருமுறை, "பதில் பாதியில் நிற்கிறது, ஏன்?" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடுத்த தாளின் கடைசியில், தறிக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன் என்று எழுதினேன். "போய்விட்டு வந்து முடிக்கவும்" என்று சிவப்பு மையில் பதில் வந்தது. பி.யூ.சி. முழுக்க எனக்கு ஒரு வாத்தியார் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவர் பெயரைத்தான் பிரின்சிபால் அம்மா கேட்டார்.

இனி தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே தறி. கோர்வைச் சேலை, அதாவது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தறிக் குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர், இடது பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது ஊடை இழை ஓட்டும் கட்டை, எறிகிறவர் ஒருவர். அப்பா நெய்வார், அம்மா கரைக்கு உட்காருவாள். 1974-ல் அப்பா தேவிகாபுரத்திலிருந்து வரும்போது பஸ் கதவில் சிக்கி, வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப் போயின. ஆறிவிட்டது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத விரலால் பட்டு இழையைத் தொட முடியாது. குழியில் நான் இறங்கினேன். அம்மா எப்போதும் போலக் கரைக்கு உட்கார்ந்தாள்.

சங்கத்துப் பதிவில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு வாங்கும் உறுப்பினர் கார்டு அப்பா பெயரில் இருந்தது, க. சம்பந்தம். எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தறியிலிருந்து சேலை இறங்கினாலும் அது ஆம்பிளை பேரில்தான் சங்கத்துக்குப் போகும். நெய்தது பெண்டாட்டியா, மகளா, மருமகளா என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பொய் என்று யாரும் நினைத்ததும் இல்லை. உறுப்பினர் தானே தறியில் உட்கார்ந்து நெய்ய வேண்டும் என்று சங்கத்தில் விதி இருந்தது. அப்பாவின் கை தெருவுக்குத் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, எங்களுக்குப் பட்டும் வந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்தின வருஷம் மாவட்டக் கண்காட்சிக்குச் சங்கத்திலிருந்து ஒரு சேலை போனது. அரக்கு உடல், பச்சைக் கரை, உடல் முழுக்க அன்னப் புட்டா. இருபத்து மூன்று நாள் என் முதுகு அதில் போயிருந்தது. சிறந்த நெசவாளர் என்று முதல் பரிசு. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறி, இடது கையால் பட்டயம் வாங்கினார். கூட்டத்தில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். வயிறு எரிந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். எத்தனை நாள் காட்டினார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். சொல்லிக் காட்டாமல் இருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவம்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் சிவப்பிரகாசம் என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். நேர்மையான மனுஷர், ஆனால் தன் கண்ணைவிடத் தன் பதிவேட்டைத்தான் நம்புவார். விஷயத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம் பேரு எங்கம்மா இருக்குது? பதிவுல நெய்யறவரு சம்பந்தம்தான். நீ நெய்தேன்னு நான் எழுதினா, அவரு நெய்யலன்னு நானே எழுதிக் குடுத்தாப்ல ஆயிடும். அப்புறம் அந்தக் கார்டுக்கு எப்டி பட்டு குடுக்கறது? அந்தப் பரிசுக்கு அவரு பேர எழுதி அனுப்பினவனே நாந்தான்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேண்டுமானால், சம்பந்தத்தின் மகள், நல்ல குடும்பம், ஒழுக்கமான பெண், இத்தனை வருஷம் வீட்டில் சும்மா இருந்தாள் என்று எழுதித் தருகிறேன் என்றார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். சும்மா என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"மூணு வருஷமா சும்மா இருந்தவ நெய்த சேலையத்தான் நீங்க மெட்ராஸுக்கு அனுப்பிகினு இருக்கீங்க" என்றேன்.

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் இறங்கும்போதே தெரிந்தது, இருந்த ஒரே ஆளையும் பகைத்துக்கொண்டோம் என்று. இந்த வாய் எனக்குச் செய்த கெடுதலை எந்த எதிரியும் செய்ததில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, நான் பேசியதைக்கூட. அம்மா அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அப்பா, அந்தக் காகிதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு கேள்வி கேட்டார். மாட்டார்கள் என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. அப்பா, போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கார்டு போகும். கார்டு போனால் பட்டு வராது, பட்டு வராத வீட்டில் தறி எதற்கு? அதோடு நிற்காது. சம்பந்தம், மகள் நெய்ததைத் தன்னுடையது என்று மேடை ஏறி வாங்கினான் என்று ஊர் பேசும். அப்பாவிடம் கை போன பிறகு மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். இதெல்லாம் சரி. நான் போய்விட்டால் குழியில் யார் உட்காருவது என்ற கேள்வியும் இருந்தது. அதை அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை விடிந்தது, போனது. நான் பாட்டுக்குத் தறியில் உட்கார்ந்தேன். கோபத்தில் நெய்தால் இழை அறும். ஒரு காலையில் ஒன்பது இழை அறுந்தது. அம்மா ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டாள். சுவரில் கடைசியாகக் குத்திவைத்த பாடத்தாள் இன்னும் இருந்தது. பரீட்சை முடிந்தும் கழற்ற மனமில்லாமல் விட்டிருந்தேன். அன்றைக்குக் கழற்றிக் கசக்கிப் போட்டேன். படிப்பு போனால் போகட்டும் என்று நான் நினைத்ததாகச் சொன்னால் அது பொய். எனக்கு ஒரு வகுப்பறை வேண்டும் என்று இருந்தது. என் பக்கத்தில் ஒருத்தி உட்கார வேண்டும், எனக்குப் புரியாதது அவளுக்கும் புரியக்கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து முழிக்க வேண்டும். ஆறு வருஷம் சுவரோடு படித்தவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்க முடியாது.

அன்று மத்தியானம் நான் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கூடத்தில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். என்னைச் செய்யாறு பக்கம் எங்கேயாவது கட்டிக் கொடுக்கப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டார். கூடத்துக்கு வந்து, கண்ணாடி போட்ட பட்டயத்தை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து வா என்றார். அம்மா ஏற்கெனவே வெளுத்த சேலை கட்டி வாசலில் நின்றிருந்தாள். மூன்று பேரும் சங்கத்துக்கு நடந்தோம். வழியில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள், பட்டயத்தை எங்கே எடுத்துப் போகிறாய் என்று கேட்டார்கள். கண்ணாடி மாற்ற என்று அப்பா சொல்லியிருக்கலாம். திருப்பிக் கொடுக்க என்று சொன்னார்.

சிவப்பிரகாசம் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா பட்டயத்தை அவர் மேஜைமேல் வைத்தார்.

"எழுதுங்க. கை போன நாள்லேர்ந்து நெய்தவ எம் பொண்ணு. நான் ஒரு சேலை நெய்யல. இந்தச் சேலையும் அவ நெய்ததுதான். பேர நான் வாங்கிகினேன்."

அங்கே சேலை ஒப்படைக்க வந்திருந்த நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தவில்லை. செயலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். பட்டயத்தை மெல்ல அப்பா பக்கமாகத் தள்ளி, இது அரசாங்கம் கொடுத்தது, திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு, கார்டு நிற்காது சம்பந்தம், நீங்களே வாயால் சொல்லிவிட்டீர்கள், நாளைக்கு நான் பட்டு கொடுத்தால் என் கழுத்துக்குக் கத்தி என்றார். உங்கள் பெண் பேருக்கு மாற்றலாம் என்றால் அவளும் காலேஜுக்குப் போகிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது அம்மா பேசினாள். சங்கத்து வாசலை அவள் அதற்குமுன் மிதித்ததே இல்லை.

"எம் பேருக்கு மாத்துங்க. இனிமே நான் நெய்யறேன். இத்தினி வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்த வேலதானே."

செயலாளர் பதிவேட்டைத் திறந்துவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தவர். அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. ராஜம்மாள் என்று நான்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார். நிபந்தனை என்று ஒன்றும் போடவில்லை, கரைக்கு யார் உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டார். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த மனுஷர் என் கடிதத்தை எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒருமுறை எழுதிக் கிழித்தார். இரண்டாவது முறை எழுதி, வாசித்துக் காட்டினார். க. சம்பந்தம் பெயரில் 1974 முதல் சங்கத்தில் ஒப்படைக்கப்பட்ட சேலைகள், மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற சேலை உள்பட, அவர் மகள் ச. கற்பகம் நெய்தவை என்றும், அத்தனை சேலையிலும் குறை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்றும், அதே காலத்தில் அந்தப் பெண் வீட்டிலிருந்தே படித்து இரண்டு பரீட்சை தேறியது தமக்கு நேரில் தெரியும் என்றும் எழுதியிருந்தார். நடத்தை என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நன்று. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று சொன்னார். நன்று என்பதை மட்டும் எழுதினார். முத்திரையை நான்கு முறை ஊதி ஊதிக் குத்தினார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். இரண்டு பேருமே அதை அவ்வளவு மனதாரச் செய்யவில்லை என்றாலும் காரியம் நடந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவும் என்னோடு வேலூருக்கு வந்தார். பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கண்ணமங்கலம் வரை யோசித்தேன். இத்தனை வருஷம் மனதுக்குள் அவரைத் திட்டியதற்கு எல்லாம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும் போல இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். தூங்கினாரா, தூங்குவது போல இருந்தாரா தெரியாது.

பிரின்சிபால் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அப்பா. உங்களுக்கு இதனால் கஷ்டம் வராதா என்றார். வந்துவிட்டது, பரவாயில்லை என்றார் அப்பா. அந்த அம்மா கடிதத்தை மடித்து வைத்தார். என்னைப் பார்த்து, தபாலில் படித்ததில் உனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாததுதான் என்றேன். இனிமேல் கேள், எல்லாரையும் துளைத்து எடு என்று சொல்லி, என் விண்ணப்பத்தின் மூலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனா நகர்ந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். இவ்வளவுதானா, இது இவ்வளவு சுலபமா என்று இருந்தது. சுலபம் இல்லை என்பது பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும்.

பிறகு கிளார்க் இராஜமாணிக்கத்திடம் போனோம். அவர் விண்ணப்பத்தை ஒருபக்கமும் சங்கத்துக் கடிதத்தை ஒருபக்கமும் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரி பார்த்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. நான் ஒரு மாதத்துக்கு முன்பே அங்கே நெசவு என்று எழுதியிருந்தேன்.

இதில் நெசவு என்று இருக்கிறது, கடிதத்தில் இவர் நெய்யவில்லை என்று இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போக வேண்டாமா, என்ன எழுதுவது என்று கேட்டார். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை, அவர் வேலை அது. எனக்கோ தலைக்கு ஏறியது. நெசவென்றே இருக்கட்டும், உங்களுக்கென்ன என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"எங்க வீட்டம்மா நெய்யறா. நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா போடறேன். இடது கையால போடலாம். அத எழுதிக்குங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புதன்கிழமை மத்தியானம் கூடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். எங்கள் தெருவில் கரைக்கு உட்காருவது பெண்டாட்டி வேலை, இல்லாவிட்டால் பிள்ளைகள் வேலை. மீசை நரைத்த ஒரு ஆம்பிளை, மனைவி நெய்ய, பக்கத்தில் நாடா போட உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் அதைத் தெரிந்துதான் உட்காரப் போகிறார்.

இராஜமாணிக்கம் அந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

"பேரு ஒண்ணும் கெடையாதுங்க. ஆனா அந்த ஆள் இல்லாம சேலை ஆவாது."

கிளார்க் சற்று யோசித்துவிட்டு, நான் எழுதியிருந்ததை அடிக்காமல், அதற்கு முன்னால் உதவி என்று சேர்த்தார். உதவி நெசவு. அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். விண்ணப்பத்தை என் பக்கமாகத் திருப்பி, மாணவி கையெழுத்து என்ற இடத்தைக் கிளார்க் விரலால் காட்டினார். எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. கண் முழுக்க நீர். கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள், ஒரு காலேஜ் ஆபீஸில், அறிமுகமில்லாத பெண்கள் பத்துப் பேர் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அப்பா தன் துண்டை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்து போடற எடத்துல அழுவாத. மை ஓடிடும்" என்றார்.